உம் கொட்டுகிறவன் வீட்டுக் கதை

ஏப்ரல் 6

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் பதிலுக்கு "இங்கே அனைவரும் சுகம்" என்று அச்சடித்த மாதிரி எழுதிவிடாதே. தலைவலி என்றால் தலைவலி என்று எழுது.

வேலை மாறியிருக்கிறேன். இந்த ஊரில் பல நாட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். அவரவர் ஆட்டம் பாட்டத்தைக் காட்ட வருஷத்துக்கு ஒரு விழா. மூன்று மாதம், பன்னிரண்டு சனிக்கிழமை, பிற்பகல் மட்டும். அதில் கதை சொல்கிறவர்களுக்குத் தனி மண்டபம். அங்கே மைக், ஸ்பீக்கர், ஒலிப்பதிவு எல்லாம் நான். மண்டபம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பழைய நீச்சல் குளம் அது. தண்ணீரை வடித்துவிட்டு மேலே பலகை அடித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒருத்தன் இருமினால் அந்தப் பக்கம் பலகைக்கு அடியில் இன்னொருத்தன் இருமுகிறான். எந்த மடையன் இடம் பிடித்தானோ.

ஏழு கதைக்காரர்கள். ஒருத்தர் கொட்டு தட்டிச் சொல்கிறார், ஒருத்தர் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டுச் சொல்கிறார். ஒரு அம்மாள் மட்டும் ஒரே கதையைப் பன்னிரண்டு வாரமும் சொல்லப் போகிறாள். அவள் ஊரில் பஸ் ஓட்டுகிறவளாம். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறாள். அவள் பேசுவது எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. நெட்டையாய் ஒருத்தன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறான், அது எல்லோருக்கும் ஹெட்போனில் வரும். அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் கதை சொல்ல எதிரே உம் கொட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். வழக்கமாக அவள் மச்சான் வருவானாம். இந்த முறை அவனுக்கு விசா கிடைக்கவில்லை. சனிக்கிழமை மேடையில் உட்கார்ந்தாள், ஒரு வரி சொன்னாள், நிறுத்தினாள். யாரும் உம் என்று சொல்லவில்லை. அவளும் அடுத்த வரிக்குப் போகவில்லை. முந்நூறு பேர் முழிக்கிறார்கள். எனக்கு மைக் போய்விட்டதோ என்று பயம். அவள் காலடியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற லைனைத் திறந்து, சோதிக்க, "ம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடுத்த வரி சொன்னாள். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் வரிக்கு வரி நான் "ம்" சொல்லிக்கொண்டே இருந்தேன். மானேஜருக்கு ஒரே சந்தோஷம். "இனி பன்னெண்டு வாரமும் நீதான் தம்பி" என்று முதுகில் தட்டினார். ஐந்து வருஷம் படித்துவிட்டு உம் கொட்டும் உத்தியோகம்.

அப்பா எப்படி இருக்கிறார்? நான் கேட்டதாகச் சொல்லாதே. அங்கே லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ரிப்போர்ட்டில் நான் எழுதியதில் ஒரு வரி பொய் கிடையாது. நம் கட்டடத்து லிப்டின் பிரேக் தேய்ந்திருந்தது, தேய்ந்திருக்கிறது என்று எழுதினேன். மெக்கானிக் என் அப்பா என்பதற்காகப் பிரேக் தேயாமல் இருக்குமா? வேலையை விட்டு எடுத்தது கம்பெனி, நான் இல்லை. இரண்டு வருஷமாகப் பேசாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமா?

பதில் சீக்கிரம் போடு. தபாலுக்கு ஒன்பது நாள் ஆகிறது.

உன் தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

தலைவலி இல்லை. போதுமா?

கடையில் வேலை அதிகம். மூக்குக்கண்ணாடி தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் ரேகை போய்விட்டது. இனி நான் திருடப் போகலாம். நேற்று ஒரு மருமகள் மாமியாரைக் கூட்டி வந்தாள். அளவெடுத்து முடிந்ததும் என் காதில் வந்து, "ரொம்பத் தெளிவா தெரிய வேணாம்மா. ஓரளவுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீ உம் கொட்டியதில் ஆச்சரியம் என்ன? சின்ன வயதில் நான் கதை சொல்லிச் சோறு ஊட்டும்போது தூங்கின பிறகும் உம் கொட்டுவாய். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவர்களை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டாயிற்று, வாசல் பக்கம் காற்று நன்றாக வருகிறது. தலைமாட்டிலேயே போன் இருக்கிறது, அதனால் போன் செய்யாதே. எழுது.

மேல்வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார். "உங்க தம்பி இன்னும் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சிட்டுத்தான் இருக்காரா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

இருமல் ஒன்று இருக்கிறது, பெரிதில்லை.

ஒரு வேடிக்கை கேள். அந்த பஸ்காரம்மாள் கதையின் நாயகன் யார் தெரியுமா? "கயிற்றால் மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கி வாழ்ந்த ஒருவன்." ஒட்டடைக்குச்சி இப்படித்தான் மொழிபெயர்த்தான். லிப்ட் மெக்கானிக்! அவர்கள் மொழியில் லிப்டுக்கு வார்த்தை இல்லையாம், "கயிற்றுப் பெட்டி" என்கிறாள். அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிவிட்டார்கள் என்றாள் இரண்டாம் வாரம். சிரித்துக்கொண்டே உம் கொட்டினேன்.

மூன்றாம் வாரம் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு மகள். "கல்லைத் தேய்த்து மற்றவர்களுக்குப் பார்வை கொடுக்கிறவள்." நான் இங்கே யாரிடமும் உன் வேலையைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்ல எனக்கு இங்கே ஆளே கிடையாது.

தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அவள் சொன்னதை டேப்பிலிருந்து அப்படியே எழுதுகிறேன்: "ஒரு காலையில் அவன் விழித்திருக்கும்போதே அவனுடைய இடது பாதி தூங்கிப்போனது. அவன் எழுந்து நடப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று, இடது செருப்பு நழுவாமல் மகள் அதை ஒரு நாடாவால் காலோடு கட்டினாள்."

நேற்று போன் போட்டேன். நீ எடுத்து, "நல்லா இருக்கோம், வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். எட்டு வினாடி. பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எனக்குக் காதுதான் தொழில்.

நேராகக் கேட்கிறேன். அப்பாவின் இடது கால் எப்படி இருக்கிறது?

தம்பி

மே 7

தம்பிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. ஐஸ் தண்ணீரைத் தொடாதே.

கடை முதலாளி புது மெஷின் வாங்கியிருக்கிறார். அதைத் தொட எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை; தினமும் துடைத்து மட்டும் வைக்கிறோம். மேல்வீட்டுக்காரர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாடிப்படிக்கு வெள்ளையடித்தார்கள், என் புடவையெல்லாம் சுண்ணாம்பு. போன் கட்டணம் வீண், அதனால்தான் வைத்தேன்.

கதையில் யாரோ யாருக்கோ செருப்பைக் கட்டினால் எனக்கென்ன வந்தது? நீ படித்தவன். வேலையைப் பார்.

பழைய போர்வையை மடித்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா

பின்குறிப்பு: நாடா என்ன நிறம் என்று அந்த அம்மாள் சொன்னாளா?

மே 18

அக்கா,

பச்சை.

உன் கேள்வியைப் படித்ததுமே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. போர்வை, சுண்ணாம்பு, மெஷின் எல்லாம் எழுதினாய். கேட்ட ஒன்றை விட்டுவிட்டாய்.

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் ஒட்டடைக்குச்சியை இழுத்துக்கொண்டு அவளிடம் போனேன். மேடைக்குப் பின்னால், பழைய ஷவர் அறையில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

ஒட்டடைக்குச்சி கேட்டுச் சொன்னான்: "உங்களைத்தான் கேக்கணும்ங்கறாங்க. நீங்கதானே உம் கொட்டறீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கதை இவங்களோடது இல்லையாம். உம் கொட்டறவன் வீட்டுக் கதைதான் வாயில வருமாம். இவங்க மச்சான் உம் கொட்டினா அவன் வீட்டுக் கதை. அவன் வீட்ல ஒண்ணுமே நடக்காதாம். ஆடு குட்டி போடும், மழை பெய்யும், மறுபடி ஆடு குட்டி போடும். அதுக்காகத்தான் அவனையே கூட்டிட்டு சுத்தறாங்களாம்."

"நான் நிறுத்திட்டா?"

"நிறுத்திக்கலாம். நீங்க நிறுத்தற இடத்துல கதையும் நின்னுக்கும்."

"எப்படித்தான் முடியும் இந்தக் கதை?"

அவன் மொழிபெயர்க்கவே இல்லை, அவளே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மற்ற செருப்பை எடுத்தாள். ஒட்டடைக்குச்சி, "எல்லா மனுஷன் கதையும் மாதிரிதானாம்" என்றான்.

டேப்புகளைத் தேதியோடு வைத்துப் பார்த்தேன். லைன், ரேடியோ, பக்கத்து அறை எல்லாம் சோதித்தேன். எங்கிருந்தும் எதுவும் கசியவில்லை. இப்படி ஒரு பழுதை நான் பார்த்ததில்லை.

உண்மையை எழுது.

தம்பி

மே 28

தம்பிக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்காமலே ஆரம்பிக்கிறேன்.

பிப்ரவரியில் வந்தது. காலையில் சட்டை பித்தான் போட்டுக்கொண்டிருந்தார், இடது கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு கால். பிறகு பேச்சு. உனக்குச் சொல்லக் கூடாது என்று அவர்தான் சொன்னார், பேச்சு இருந்த கடைசி இரண்டு நாளில். "படுத்துக் கிடக்கறதைப் பாத்து அவன் இன்னொரு ரிப்போர்ட் எழுதுவான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பாதி முகம்தான் சிரித்தது. டாக்டர் இப்போது மாதக் கணக்கில் பேசுவதில்லை.

நாடா என் பழைய பள்ளிக்கூடப் பின்னல் நாடா. வீட்டில் வேறு எதுவும் அகப்படவில்லை.

பத்து நாளாக அவர் எதையோ சொல்லப் பார்க்கிறார். வாசல் பக்கம் கண்ணைக் காட்டுகிறார். வார்த்தை கூழாகி வருகிறது. "ரிப்போர்ட்" என்கிற மாதிரி ஒன்று கேட்டது. நீ வருகிறாயா என்று பார்க்கிறாரோ என்று நினைத்துக் கதவைத் திறந்தே வைக்கிறேன்.

சனிக்கிழமை அவள் என்ன சொன்னாள் என்று எழுது. இல்லை, எழுதாதே.

அக்கா

ஜூன் 8

அக்கா,

பதறாமல் படி. அப்பா பிழைத்திருப்பார்.

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்குப் போயிருக்கிறது, மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். ஜூலை ஒன்றுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அதுவரை அவரை நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நிறுத்திவிட்டேன்.

அன்று மூன்று மணிக்கு அவள் ஆரம்பித்தாள். நான் உம் கொட்டினேன். "அவன் தண்ணீர் கேட்டான்." ம். "மகள் டம்ளரோடு வந்தாள்." ம். "அவன் டம்ளரைப் பார்க்கவில்லை. தொலைவில் இருக்கிற மகனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தான்." ம். "சொன்னான்: என் மகன் எழுதிய அந்தக் காகிதத்தில்..."

அங்கே நிறுத்தி எனக்காகக் காத்தாள். நான் லைனை மூடிவிட்டேன்.

முதல் ஐந்து நிமிஷம் அவையில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு குழந்தை அழுதது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் கையைத் தூக்கின நிலையிலேயே நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். குளத்துப் பலகைக்கு அடியில் காற்று போகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்துகொண்டிருந்தது. யாரோ மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி. மானேஜர் கத்தினார். கத்தட்டும்.

கரண்ட் போனால் லிப்ட் விழாது அக்கா. பிரேக் கவ்விக்கொள்ளும், இரண்டு மாடிக்கு நடுவே அப்படியே நிற்கும். ஆள் வந்து சக்கரத்தைச் சுற்றி மெல்ல இறக்கலாம். நான் வருகிறவரை நிற்கட்டும்.

தம்பி

ஜூன் 15

அக்கா,

கடிதம் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

இந்தச் சனிக்கிழமையும் அவள் வந்து, கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் லைனைத் திறக்கவில்லை. கூட்டம் போன வாரத்தைவிட இரண்டு மடங்கு. ஊர்ப் பத்திரிகையில் "மௌனத்தால் சொல்லப்படும் கதை" என்று எழுதிவிட்டானாம். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மானேஜர் மறுபடி முதுகில் தட்டினார். பைத்தியக்கார ஊர்.

நான்கு முறை போன் போட்டேன். ஞாயிறு காலை எடுத்தாய். "கையில டம்ளர் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்றாய். மத்தியானம் போட்டேன். "கையில டம்ளர் இருக்கு, அப்புறம் பேசறேன்." இன்று இரண்டு முறை. அதே வார்த்தை. அதே இடத்தில் மூச்சு வாங்குகிறாய். நான் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓட்டிப் பார்த்தேன். நாலும் ஒரே குரலாகக் கேட்கிறது.

உனக்குத் தூக்கம் போதவில்லை. வேறொன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது துணைக்கு வை.

எழுது.

தம்பி

ஜூன் 17

தம்பிக்கு,

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியவில்லை.

ஆறாம் தேதி சனிக்கிழமை அப்பா தண்ணீர் கேட்டார். கொண்டுபோனேன். வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அவர் அதை வெளியே விட்டதை நான் பார்க்கவில்லை. டாக்டர் வந்து நாடி பார்த்தார், இருக்கிறது என்றார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், மறுபடி கேட்டார், பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அதற்கப்புறம் வரவில்லை.

வெளியே எல்லாம் நடக்கிறது. கடை நடக்கிறது, பஸ் வருகிறது. வாசல்படி தாண்டினால் என் கையில் டம்ளர் இருக்கிறது. கீழே வைத்தது போலவும் இருக்கிறது, வைக்காதது போலவும் இருக்கிறது. அவர் கண் திறந்திருக்கிறது. உலரவில்லை. பதினோரு நாளாக அவர் முகத்தில் தாடி வளரவில்லை.

உன் எட்டாம் தேதிக் கடிதத்தை அவர் பக்கத்தில் நின்று படித்தேன். நிறுத்திவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நிறுத்தின இடத்தைப் பார்த்தேன். "என் மகன் எழுதிய அந்தக் காகிதத்தில்." தண்ணீர் கேட்டபோது நிறுத்தியிருக்கலாம். மூச்சு இழுத்தபோது நிறுத்தியிருக்கலாம். அதுவரை உம் கொட்டியிருக்கிறாய்.

அப்பாவுக்காக நிறுத்தினாயா தம்பி?

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எனக்குக் கை வலிக்கிறது.

அக்கா

ஜூன் 27

அக்கா,

நேற்றுதான் உன் கடிதம் வந்தது. இல்லை. எனக்காகத்தான் நிறுத்தினேன். அந்த வாக்கியத்தின் மிச்சத்தைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. போதுமா?

விழா போன சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது. அவள் நாளைக்குக் கிளம்புகிறாள். அவள் போய்விட்டால் அந்த வாக்கியம் என்றென்றைக்கும் அங்கேயே நிற்கும். நான் ஜூலை ஒன்றில் வந்து என்ன பார்ப்பேன் என்று நேற்று முழுதும் யோசித்தேன்.

இன்று மத்தியானம் ஒட்டடைக்குச்சியைக் கூட்டிக்கொண்டு அவள் தங்கியிருக்கிற இடத்துக்குப் போனேன். சமையலறை மேஜைமேல் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. என்னைப் பார்த்ததும் துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள்.

"ம்" என்றேன்.

அவள் மூச்சை விட்டாள். மூன்று வாரத்து மூச்சு அது. மேஜைமேல் இருந்த காகிதம் பறந்து விழுந்தது. விழுந்ததை ஒட்டடைக்குச்சியும் பார்த்தான், அவனைக் கேட்டுக்கொள். பிறகு சொன்னாள்: "என் மகன் எழுதிய அந்தக் காகிதத்தில் இல்லாத ஒன்று. அவன் போன பிறகு வந்த பழுது. மூன்றாவது வாசல் இரண்டு முறை பேச வேண்டும். இப்போது ஒரு முறைதான் பேசுகிறது. படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகனிடம் சொல், அவனுக்குப் புரியும்."

ஒட்டடைக்குச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "வாசல் எப்படிங்க பேசும்?" என்றான். எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. லிப்ட் மாடிக்கு வந்து நின்றால்தான் கதவின் பூட்டு விடும். அப்போது ஒரு டக். கதவைச் சாத்தினால் பூட்டு விழும், அது இன்னொரு டக். ஒன்றுதான் கேட்கிறது என்றால் பூட்டு விழவில்லை. பெட்டி இல்லாதபோதும் கதவு திறக்கும். நம் மாடிக் கதவு.

திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பழுதைச் சொல்லியிருக்கிறார்.

"ம்" என்றேன். "அவன் அதோடு முடிந்தான்" என்றாள். அதற்கும் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். "மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்." ம். "நான்கு பேர் வந்து அவனைத் தூக்கினார்கள்." ம். "முன்னால் பிடித்தவன் பின்பக்கமாக நடந்தான். மகள் முன்னே போய் மூன்றாவது வாசலில் கை வைத்தாள்."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அங்கே இருந்த போனை எடுத்து வீட்டுக்குப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, எடுக்க ஆள் இல்லை. வைத்தேன். மறுபடி போட்டேன். அவள் கையைத் தூக்கியபடியே இருந்தாள். ஒட்டடைக்குச்சி, "சொல்லிடுங்க சார், எனக்குப் பயமா இருக்கு" என்றான். நான் சொல்லவில்லை. அக்கா, முதல் தடவை என் பயத்துக்காக நிறுத்தினேன். இந்தத் தடவை உனக்கு நேரம் கொடுக்க நிறுத்தினேன். அந்தக் கூழான வார்த்தைகளை நீயும் கேட்டிருப்பாய். யோசிக்க உனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் அல்லவா?

சுவர்க் கடிகாரத்தில் பதினேழு நிமிஷம். அதற்கப்புறம் சொன்னேன்.

அவள் பதிலுக்குச் சொன்னதை எழுத மாட்டேன். நீ எழுதி நான் படிக்க வேண்டும். அப்போதுதான் நடந்ததாக ஒப்புக்கொள்வேன்.

தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

அப்பா நேற்றுப் போய்விட்டார். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நீயே கிளம்பியிருப்பாய். அங்கே யாராவது திருப்பி அனுப்பினால் இங்கே உட்கார்ந்து படி. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூச்சை விட்டார். கூடவே சொன்னார். பாதிதான் விளங்கியது. "ரிப்போர்ட்ல இல்ல" என்றார். பிறகு "ரெண்டு" என்றார், "ஒண்ணு" என்றார். மறுபடி "ரெண்டு... ஒண்ணு." எதையோ எண்ணுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன். நின்றது.

மேல்வீட்டுக்காரரும் மூன்று பேரும் வந்தார்கள். "படியில வேணாம்மா, திருப்பத்துல இடிக்கும். லிப்ட்லயே நிக்க வெச்ச மாதிரி எறக்கிடலாம்" என்றார் அவர். சரி என்றேன். அவர்தான் தலைப்பக்கம் பிடித்துப் பின்பக்கமாக நடந்துவந்தார். நான் முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். லிப்டுக்குள் பல்பு போய் ஒரு வாரமாகிறது, கதவுக் கண்ணாடியில் இருட்டாகத்தான் தெரியும். பெட்டி வந்திருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

அங்கே என் கை நின்றது.

பிடித்தது பிடித்தபடி. இழுக்கவும் வரவில்லை, விடவும் வரவில்லை. பின்னால் நாலு பேரும் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். வீட்டுக்குள் போன் அடிக்கிறது, ஓய்கிறது, மறுபடி அடிக்கிறது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சுண்ணாம்படித்த சுவரில் ஒரு எறும்பு தூக்கின காலை வைக்காமல் நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு வேலை இல்லாததால் அப்பா சொன்னதையே மனதில் ஓட்டினேன். ரெண்டு, ஒண்ணு. சின்ன வயதில் நம் இருவரையும் இதே கதவு முன்னால் நிறுத்தி, "ரெண்டு டக் கேட்டாத்தான் கதவு நம்ம பேச்சக் கேக்குதுன்னு அர்த்தம்" என்பாரே. அத்தனை நாளும் அவர் கண்ணைக் காட்டியது வாசலை இல்லை, அதற்கும் அப்பால்.

எறும்பு காலை வைத்தது. கை இறங்கியது. "நில்லுங்க" என்று கத்தினேன். எல்லோரும் நின்ற பிறகு ஒரு விரலால் கதவை இழுத்தேன்.

திறந்தது. உள்ளே பெட்டி இல்லை. கீழே வரைக்கும் வெறும் இருட்டு, கயிறு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரரின் குதிகால் ஒரு சாண் தூரத்தில். அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பதற்குள் சாத்திவிட்டேன். ஒரே டக்.

கைப்பிடியில் கயிறு கட்டிக் குறுக்கே நாற்காலி போட்டு, யாரும் தொடக் கூடாது என்று காகிதம் ஒட்டினேன். அப்பாவைப் படியில் இறக்கினோம். மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கை மாற்றிக்கொண்டார்கள். ஓரிடத்தில் இடது செருப்பு நழுவியது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

தரைக்கு வந்ததும் மேல்வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "காலம் பூரா ஊர ஏத்தி எறக்குன மனுஷன். அவரைப் போய்ப் படியில எறக்க வெச்சிட்டியேம்மா, ஏன்?"

எனக்குச் சொல்ல வரவில்லை. நீ வந்து அவருக்குச் சொல்லு.

அக்கா